களிம்பு பூசிய முதுகு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் கால்களைத் தவிர மற்றதெல்லாம் நலம், உன் அப்பாவின் வாய் அதைவிட நலம். நீயும் மருமகளும் அங்கே சுகமாக இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

நீ ஏற்பாடு செய்த முதுகுப் பரிசோதனைக்கு உன் அப்பா மகாராஜா போய்விட்டு வந்தார். என்னைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்கி வைக்க அவருக்கு இன்னும் தெம்பு இருக்கிறதா என்று பார்ப்பது, இல்லையென்றால் ஆள் வைப்பது என்று நீயும் அவரும் போனில் பேசி முடித்தீர்களே, அதற்குத்தான். கூடப் போன உன் மாமா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். உடம்புக்குள் கரண்ட் எதுவும் விடமாட்டோம் சார், தசை வேலை செய்யும்போது அதுலயே வர்ற கரண்டத்தான் பாக்கறோம், வயசானா எவ்வளவு சீக்கிரம் களைச்சுப்போகுதுன்னு தெரிஞ்சிடும் என்று டெக்னீஷியன் பெண் பொறுமையாகச் சொன்னாளாம். இவரோ வலி முகத்தில் தெரியக்கூடாதென்று காலையிலேயே முதுகு முழுக்க வலிக் களிம்பை அப்பிக்கொண்டு போயிருக்கிறார். அந்தக் கரண்டைப் பார்க்க அவள் முதுகில் ஒட்டிய வில்லையெல்லாம் வழுக்கி விழுந்திருக்கிறது. அவள் துடைத்துத் துடைத்து ஒட்டியும் திரையில் வெறும் கிறுக்கல். அதற்கு இவர், உங்க பில்டிங்ல எர்த் சரியில்லம்மா என்றாராம். ஆயுசு முழுக்க வயரிங் வேலை பார்த்த மேதை அல்லவா, களிம்பு வழிவது தன் முதுகில், பழி கட்டடத்தின் மேல். சட்டை கூடப் போடாமல் பிளக் பாயிண்டைக் குனிந்து பார்க்கப்போய், நிமிர முடியாமல் உன் மாமாதான் பிடித்து நிறுத்தியிருக்கிறான். களிம்பு போடாமல் இன்னொரு நாள் வாங்க என்று அனுப்பிவிட்டாள். இங்கே தெரு முழுக்க, என் முதுகுகிட்ட மெஷினே தோத்துப்போச்சு என்று இவர் பேச்சு.

நீ மட்டும் என்ன, பெற்றவரிடம் ஆள் வைக்கிறேன் என்று அழுத்திச் சொல்லத் துப்பில்லை, அதற்கு ஒரு மெஷின் சாட்சிக்கு வேண்டியிருக்கிறது. தினமும் அவர் என்னைத் தூக்கும்போது என் கை அவர் முதுகில்தான் இருக்கிறது. பலகை மாதிரி இருந்த இடம் இப்போது வெடவெடவென்று நடுங்குகிறது. போன வாரம் இருவரும் சேர்ந்தே கட்டிலில் சரிந்தோம். எனக்குப் பயமாக இருக்கிறதடா. இந்த மனுஷன் தரையில் விழுந்தால் எழுப்ப நான் ஒருத்திதானே பக்கத்தில் இருப்பேன்.

இருவரும் நூறாண்டு நன்றாக இருங்கள். ஒன்றை மறக்காதே, போன் செய்தால் அம்மா ஜம்முன்னு உட்கார்ந்திருக்கா என்பார், நம்பிவிடாதே. வெறும் முதுகோடு போய்ச் சோதித்துக்கொண்டு வரும்வரை என்னைத் தொடக்கூடாது என்று காலையில் சொல்லிவிட்டேன். கட்டிலோரம் நின்று முறைத்துக்கொண்டிருக்கிறார். எழுத்து கோணலாக இருக்கும், படுத்தபடியேதான் எழுதுகிறேன்.

ஆசிகளுடன்,
அம்மா