தவிட்டைப் பற்றி நீ எழுதிய நாலு வரி

ஈப்போ
20-2-1927

சிரஞ்சீவி அர்ச்சுனனுக்குச் சித்தப்பா மாயாண்டி ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், உன் சித்தி ராக்காயி, சேவல் கங்காணி ஆக மூன்று உருப்படியும் முருகன் புண்ணியத்தில் சௌக்கியம், சென்னைப் பட்டணத்தில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். சேவலை ஏன் சேர்த்தேன் என்று சிரிக்காதே, காரணம் பின்னால் வருகிறது.

உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்தது. ஜாவாவில் டச்சு டாக்டர்கள் கால் வீங்கி விளங்காமல் போகிற நோயைத் தீர்க்கிற சத்தைத் தவிட்டிலிருந்து தனியாகப் பிரித்துவிட்டார்கள், எங்கள் ஆராய்ச்சிச்சாலை பிந்திவிட்டது, நாலு வருஷம் புறாவுக்குத் தீனி போட்டு எடை பார்த்து எழுதினதெல்லாம் வீண், அச்சடிக்கிற காகிதத்தில் என் பேர்கூட வராது, வேலையை விட்டுக் கப்பலேறுகிறேன், கிட்டங்கியில் ஏதாவது வேலை பார்த்து வையுங்கள் என்று எழுதியிருக்கிறாய். வேலை வாங்கித் தருவது எனக்கு ஒரு பெரிய காரியமில்லை. நான் தாப்பாத் தோட்டத்தில் இருந்தபோது துரையே என்னிடம் யோசனை கேட்டுவிட்டுத்தான் தொப்பியை மாட்டுவார், இந்த அரிசிக் கிட்டங்கியிலும் நான் இல்லாமல் ஒரு மூட்டை அசையாது. ஆனாலும் நீ வரக்கூடாது. ஏன் என்று சொல்ல, நான் மறைத்து வைத்த ஒரு விஷயத்தை எழுத வேண்டியிருக்கிறது, எழுதுகிறேன்.

தோட்டத்தை விட்டு ஈப்போ வந்ததும் புழுங்கலரிசியைக் கைவிட்டோம். டவுன்காரர்கள் ஆகிவிட்டோம், இனி என்ன கூலிக்காரச் சோறு என்று நான்தான் சொன்னேன். சயாம் அரிசி, தீட்டித் தீட்டி மல்லிகை மொட்டு மாதிரி இருக்கும், அதைத்தான் தின்றோம், கங்காணிக்கும் அதையேதான் போட்டேன். கூலிகளை மேய்க்கிற தோட்டத்துக் கங்காணி மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறதால் சேவலுக்கு அந்தப் பேர். நானாவது காப்பிக்கடையில் வடையும் சுண்டலும் தின்பேன், உன் சித்திக்குச் சோறும் ரசமும் விட்டால் வேறு ஒன்றும் இறங்காது. தீபாவளிக்கு முன்னாலேயே அவளுக்குக் கால் கனக்க ஆரம்பித்தது. அதை உனக்கு எழுதினேன். நீ பதில் எழுதினாய், வெள்ளையரிசியை நிறுத்துங்கள், புழுங்கலரிசிக்கு மாறுங்கள், அதுவரை சித்திக்குத் தவிடு கொடுங்கள் என்று நாலு வரி.

எனக்கு வந்ததே கோபம். மாடு தின்கிறதைச் சித்திக்குப் போடச் சொல்கிறானே, இதற்கா இவனை ஐந்து வயதிலிருந்து தோளில் தூக்கி வளர்த்தேன் என்று நினைத்தேன். உன் சித்திக்கு எழுத்துத் தெரியாது, உன் கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுவது. கொஞ்சம் கூட்டி வாசிப்பேன் என்பது உனக்கும் தெரியும். அன்றைக்கு அந்த நாலு வரியை விட்டுவிட்டு, டவுன் அரிசி சித்திக்கு நல்லது, நிறையச் சாப்பிடச் சொல்லுங்கள் என்று என் வாயாலேயே சேர்த்து வாசித்தேன். பிள்ளை சொல்லிவிட்டானே என்று அவளும் ஒரு பிடி கூடவே தின்றாள் அப்பா.

மார்கழியில் கால் வீங்கிப்போயிற்று. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். செருப்புக் கழன்று விழுந்தது தெரியாமல் நடந்தாள், பிறகு அந்த நடையும் போய்விட்டது. இந்தக் காலு என்னுது மாதிரியே இல்லைங்க, யாரோ கழட்டிக்கிட்டுப் போயிட்டாங்க என்றாள். ஆஸ்பத்திரி டிரசர் சூசைநாதனை அழைத்து வந்தேன். அவர் காலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உன் சித்தி, டிரசர் தம்பி, எம்பிள்ளை கூட இந்த மாதிரி ஆராய்ச்சியிலதான் இருக்கான், அவன் கடுதாசியை ஒருதரம் வாசிங்களேன், கேட்டா மனசுக்குத் தெம்பா இருக்கும் என்று, கடிதங்களைக் குத்தி வைக்கிற கம்பியிலிருந்து என்னை எடுத்துக் கொடுக்கச் சொன்னாள். சூசைநாதன் உள்ளதை உள்ளபடி வாசிக்கிற ஆள்.

தவிடு என்ற இடம் வந்ததும் நான் கூரையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். வெள்ளையரிசி தின்ற புறா கால் மடங்கித் தலையை முதுகில் சாய்த்துக்கொள்ளும் என்று நீ எழுதியிருந்ததை அவர் வாசித்தபோதுதான், அப்ப நம்ம கங்காணி ரெண்டு நாளா மூலையில அப்படித்தானே கெடக்கான், இந்த மனுசன் பேச்சைக் கேட்டுக் கெட்டது நானும் சேவலும்தான் லா, முதல்ல அவனுக்குக் குடுங்க, அவன் எந்திரிச்சா நானும் திங்கிறேன் என்றாள். எனக்குத் தெரியாததை அவள் கண்டுபிடித்தாள்.

தவிட்டுக்கு எங்கே போவேன், பன்றி வளர்க்கிற சீனரிடம் போனேன். உனக்கு எத்தனை பன்றி என்றார். பன்றி இல்லை, என் பெண்சாதிக்கு என்றேன். அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன். தவிட்டை ஊறவைத்து அந்தத் தண்ணீரைச் சேவல் வாயில் விட்டோம். மறுநாள் காலையில் கங்காணி எழுந்து நின்று கூவினான். கிந்தா ஜில்லா முழுவதும் கேட்டது. அன்றைக்கே உன் சித்தி வறுத்த தவிட்டைச் சீனி சேர்த்து உருண்டை பிடித்து வாயில் போட்டுக்கொண்டாள். அவளுக்குச் சேவல் மாதிரி ஒரு நாளில் ஆகவில்லை, ஆறேழு வாரம் பிடித்தது. புழுங்கலரிசியும் பாசிப்பயறும் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டன. வீக்கம் வடிந்து, சுவரைப் பிடித்து நின்று, பிறகு சுவரையும் விட்டாள். இப்போது அடுத்த வீட்டுக் கருப்பம்மாளும் தவிட்டு உருண்டை கேட்டு வாங்கிப் போகிறாள். காப்பிக்கடையில் இந்தச் சத்தைக் கண்டுபிடித்ததே நீயும் நானும்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன், நீ பாட்டுக்கு வந்து அதைக் கெடுத்துவிடாதே.

ஆகையால் கேள். மூட்டை மூட்டையாகத் தவிட்டைக் காய்ச்சினால் அந்தச் சத்து நகக்கண் அளவு உப்பாகத்தான் கிடைக்குமாம், சூசைநாதன் சொன்னார். டச்சுக்காரர்கள் கெட்டிக்காரர்கள்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த உப்பு ஜாவாவில் கண்ணாடிக் குப்பிக்குள் இருக்கிறது. அது உன் சித்தி காலுக்கு வரவில்லை. உன் நாலு வரிதான் கடல் தாண்டி வந்தது, வந்ததை வாசலில் மறித்தவன் நான். என்னை மாதிரி மறிக்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறோம், அதனால் உன் புறாக்களை விட்டுவிட்டு வராதே, இன்னும் எழுது. பேர் அச்சில் வராவிட்டால் போகிறது, இங்கே ஒருத்தி தினம் காலையில் உருண்டையை வாயில் போடும்போது உன் பேரைத்தான் சொல்லுகிறாள்.

எண்ணெய் தேய்த்துக் குளி, தனி ரசச் சோற்றோடு நிறுத்தாதே, பயறு சேர்த்துக்கொள். நீ நூறு வயது இருந்து பெரிய பேர் எடுக்க வேண்டும். உன் சித்தி இனி என் வாசிப்பை நம்பமாட்டாளாம், இந்தக் கடிதத்தையும் சூசைநாதன் வாசித்துக் காட்டிய பிறகுதான் ஒட்டுவாளாம். அதற்குப் பயந்து, கிட்டங்கிக்கு நான் மேனேஜர் என்று மேலே எழுதியிருந்ததை அடித்துவிட்டேன், நான் வாசலில் காவல் நிற்கிற ஜாகாதான், அது உனக்கும் தெரியும். தபாலில் போடுவதும் அவளேதான், ஆற்றுப் பாலம் தாண்டித் தபாலாபீஸ் வரைக்கும் நடந்தே போவாளாம், ரிக்‌ஷா வேண்டாமாம், நானும் கூட வரக்கூடாதாம். மற்றதில் எதை நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி, இந்தக் கடிதம் உன் கைக்கு வந்திருந்தால் அவள் நடந்தாள் என்பதை மட்டும் நம்பு.

இப்படிக்கு,
உன் நன்மையே கோரும் சித்தப்பா
மாயாண்டி