வாய் நிறையத் தண்ணீர்

ஐப்பசி 17, வெள்ளி

விடாத தூறல். ரக்தாட்சி வருஷம். எனக்கே பின்னால் குழம்பினால் அடையாளத்துக்கு: பிரதமரம்மாவை அவர் வீட்டுத் தோட்டத்திலேயே காவல்காரர்கள் சுட்ட வருஷம். நம் முதலமைச்சர் சென்னையில் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஐப்பசி. தீபாவளி முடிந்து கொஞ்ச நாள்தான். வெடித்த காகிதம் இன்னும் தெருச் சேற்றில் சிவப்பாக.

பஸ் இல்லை. கடை இல்லை. நேற்று வேலூர் போயிருக்க வேண்டும், மாத்திரைக்கு. மகன் ஏழுமலை பஸ் ஸ்டாண்டு வரை போய் நனைந்து திரும்பினான். கண்ணமங்கலத்தில் ரோட்டுக்குக் குறுக்கே மரத்தை வெட்டிப் போட்டிருப்பதாகப் பேச்சு.

மீதி: வெள்ளை மாத்திரை இரண்டு, மஞ்சள் ஒன்று.

ரேடியோவில் பாட்டு கிடையாது. வீணை மட்டும், அழுகிற மாதிரி. நிறுத்தச் சொன்னேன். என் வீட்டுக்காரி குப்பம்மாள் நிறுத்தினாள். நின்ற பிறகும் எனக்குக் கொஞ்ச நேரம் கேட்டது. அவளிடம் சொல்லவில்லை.

எழுத்து எனக்கு அறுபதுக்கு மேல் வந்தது, முதியோர் வகுப்பில். அதுவரை கட்டைவிரல். வேலூர் டாக்டரம்மா சொன்னதால் எழுதுகிறேன். மனசில் வருவதை அப்படியே எழுதுங்க பெரியவரே, யாருக்கும் காட்ட வேண்டாம் என்றார். காட்டவில்லை.

ஐப்பசி 19, ஞாயிறு

மழை. மாத்திரை நேற்றோடு தீர்ந்தது.

தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிட்டது. காலை உள்ளே விட முடியாது. பட்டும் ஈரம் குடித்துத் தொய்கிறது. தெரு முழுக்கத் தறிகள் நின்றுவிட்டன. தறிச் சத்தம் இருக்கும்வரை எனக்குக் கவலை குறைவு. அந்தச் சத்தத்துக்குள் அந்தக் குரல்காரர்கள் பேசினால் பாதி காதில் விழாது. இப்போது ஓட்டிலிருந்து ஒழுகும் தண்ணீர்ச் சத்தம் மட்டும். அது எதையும் மறைக்காது.

மத்தியானம் வந்துவிட்டார்கள். முதலில் அண்ணன், வாசல் பக்கமிருந்து. எப்போதும் அவன்தான் முதல்.

"காவலுக்கு நின்னவனே சுட்டுட்டான், பாத்தியா. ஒனக்குச் சோறு போட்றது யாரு?"

அவ்வளவுதான். அப்புறம் பேசவில்லை. போகவும் இல்லை. பேசாமல் நிற்கிறான் என்பதுதான் பயம்.

குப்பம்மாள் கஞ்சி கொண்டுவந்தாள். அவள் கையைப் பார்த்தேன். கண்ணாடி வளையல், விரலில் மஞ்சள் கறை. கஞ்சியின் நடுவில் கருப்பாக ஏதோ. சீரகம் என்றாள். எனக்குச் சீரகம் தெரியாதா. வயிறு சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய். சோப்பு. கடை திறந்தால்.

ஐப்பசி 20, திங்கள்

மழை குறைவு. வீட்டில் சாப்பிடவில்லை. முக்கு டீக்கடை பாதிக் கதவு திறந்திருந்தது. டீயும் பொறையும். பக்கத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கூடவே தான் கீறானுங்க துரோகிங்க."

"எங்க?"

"எங்கயும்தான்."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பார்க்காமல் சொன்னதால்தான் என்னைச் சொன்னார்களோ. போலீஸ் ஜீப் ஒன்று கோட்டை பக்கம் போனது. எனக்காக இல்லை என்று நாலு தடவை சொல்லிக்கொண்டேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஏழுமலைக்குக் கோபம். "துன்னாம கெடந்தீன்னா பழயபடி தூக்கிகினு போவணும் நைனா. இன்னொரு வாட்டி அந்தப் பேஜாரு என்னால ஆவாது."

பழையபடி என்றால் சங்கிலி. ஒரு கோயில், ஊர் பேர் எழுத மாட்டேன். வேப்பமரம். காலில் இரும்பு. கண்ணில் எலுமிச்சம்பழச் சாறு. என்னோடு கட்டியிருந்தவன் செஞ்சிப் பக்கத்தான், நெற்றியில் மச்சம், நாள் முழுக்கத் தன் எருமையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். எருமை பேர் ராணி. மறப்பது என்பதே எனக்குக் கிடையாது. அதுவும் நோயில் சேர்த்தியா, டாக்டரம்மாவைக் கேட்க வேண்டும்.

சாயங்காலம் இரண்டாவது ஆள். நயினார். எனக்கு முதலில் பட்டு கொடுத்து வேலை கொடுத்த சமண முதலாளி. மரியாதையான குரல்.

"முந்திக்கோப்பா."

எதை என்று அவர் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது. புரிந்ததே என்றுதான் பயம்.

அடுப்பங்கரைக் கதவோரம் அரிவாள்மனை, எப்போதும் இருக்கும் இடத்தில். அந்தப் பக்கம் பார்க்காமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

ஐப்பசி 22, புதன்

வெயில், கொஞ்சம். குழித் தண்ணீரை வாரி ஊற்றினோம். டீயும் வாழைப்பழமும் தவிர வயிற்றில் ஒன்றுமில்லை.

சேவூரிலிருந்து மாணிக்கம் வந்தான். ஏழுமலை தறிக்குப் புதுப் பாவு. தறியில் இருக்கும் பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் நுனியைச் சேர்க்க வேண்டும், ஒவ்வொரு இழையாக, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கி. நானும் அவனும் ஆளுக்கு ஒரு பக்கம். இளவயதிலிருந்து சேர்ந்தே செய்கிற வேலை.

பிணைக்கும்போது யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். வரிசை தப்பிவிடும். பிணைக்கிறவன் மட்டும் தனக்குள் முணுமுணுப்பான். எங்கள் தெருவில் அது அதிசயமில்லை. அதனால்தான் என் வாய் அசைவதை இத்தனை வருஷம் ஒருவரும் என்னவென்று கேட்கவில்லை. பெரிய வேலைக்காரன், மனசு இழையிலேயே இருக்கிறது என்பார்கள். எனக்கோ அண்ணன் சொல்லுவான். இதை எடு, அதை விடு, அங்கே அறுந்தது பார் என்று. நான் பதில் சொல்லுவேன். பிணைக்கிற எல்லோருக்கும் இப்படி ஒருவர் சொல்வார் என்றே இருந்தேன். டாக்டரம்மா நோய் என்றபோது தலையாட்டினேன். மனசுக்குள் நினைத்தது, இந்த அம்மாவுக்குத் தறி வேலை தெரியாது.

இன்று மாணிக்கத்தைக் கேட்டுவிட்டேன், உனக்கு யார் சொல்வது என்று.

"எத்த?"

"எந்த இழைய எடுக்கணும்னு."

சிரித்தான். "எவன் வந்து சொல்லுவான்? நானே எண்ணிகினு கீறேன். நீ ஆளு வெச்சிகினு கீறியாண்ணா? கூலி இன்னா குடுக்கற?"

நான் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றது.

அதே நேரம் அண்ணன், காதோரம்: இடப்பக்கம் அறுந்துவிட்டது. தடவிப் பார்த்தேன். அறவில்லை. மாணிக்கத்தைத் தடவச் சொன்னேன். அவனும் விரலை ஓட்டிவிட்டு, எல்லாம் சரியாத்தானே இருக்கிறது என்றான். அறுந்தது என்றான் அண்ணன். மறுபடி தடவினேன். ஒவ்வொரு இழையும் விரலுக்குக் கீழே இருந்தது.

அண்ணன் பட்டு விஷயத்தில் பொய் சொல்லவே மாட்டான். உயிரோடிருந்த நாளில் ஒரு தடவைகூட.

உயிரோடிருந்த நாளில்.

ஐப்பசி 23, வியாழன்

மறுபடி தூறல். பல் வலி. காலையிலிருந்து ஒரே யோசனை.

அண்ணன். அரிசிக்கு வரிசையில் நின்ற வருஷம், மாசி மாதம் போனான். தறியில் கத்திரிப்பூ நிறப் பாவு இருந்தது. கொள்ளி வைத்தது அவன் மகன், பக்கத்தில் நான். முடி கருகிய வாசனை இப்போதும் மூக்கில்.

நயினார். எமர்ஜென்சி வருஷம். பொழுது சாய்ந்தால் வாயில் எதுவும் வைக்காத மனிதர், கடைசி நாளன்று மருந்தையும் வேண்டாம் என்று தள்ளினார். நடக்கும்போது எறும்பைப் பார்த்தால் காலைத் தூக்கிக்கொண்டு நிற்பார். அவரா என்னைப் பார்த்து முந்திக்கோ என்பார்? அவர் குரல்தான். அவர் பேச்சு இல்லை.

இன்னொரு குரல் உண்டு, எழுதப் பிடிக்கவில்லை. ஒரு குழந்தை அழும். எங்கள் மூத்த பெண் வள்ளி. அம்மையில் போனாள். இருந்திருந்தால் இன்று அவளுக்கே பேரப்பிள்ளை. குரல் மட்டும் வளரவில்லை.

செத்தவர்கள் வாசலில் வந்து நிற்க முடியாது. அப்படியென்றால் டாக்டரம்மா சொன்னது சரி, பேசுவது என் தலை. இது தெரிந்தால் நிம்மதி வரும் என்று நினைத்தேன். இல்லை. வெளியிலிருந்து வந்தால் கதவைச் சாத்தலாம். தலைக்கு எந்தக் கதவு? அந்த அரிவாள்மனையை எனக்குக் காட்டியதும் நான்தானா?

மத்தியானம் அடுப்பங்கரையிலிருந்து:

"இன்னிக்கி குடிச்சிடும், பாரு."

குப்பம்மாள் குரல். அவளேதான். யாரிடம் சொல்கிறாள்? எட்டிப் பார்த்தேன். தனியாக அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள்.

செத்தவர்களைச் செத்தவர்கள் என்று தள்ளிவிட்டேன். இவள் இருக்கிறாளே. இவளை எப்படித் தள்ளுவேன்?

கஞ்சி வந்தது. தொடவில்லை. கண் இருட்டுகிறது.

ஐப்பசி 24, வெள்ளி

மேகம், மழை இல்லை. ஏழுமலை நூல் கடைக்குப் போனதும் அவளைக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் கேட்டது. நயினார் சொன்னது. கஞ்சியைப் பற்றி அவள் குரலே என் காதில் விழுந்தது. முந்திக்கோ என்றால் என்ன என்று நான் புரிந்துகொண்டது. கடைசியைத் தரையைப் பார்த்துச் சொன்னேன்.

அவள் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு கேட்டாள். அழவில்லை.

"அருவாமனை எங்க கீதுன்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து அந்தக் கதவோரத்துக்கு மட்டும் கண்ணைக் கொண்டுபோகவில்லை, நேற்று எட்டிப் பார்த்தபோதுகூட.

"பக்கத்து வூட்ல குடுத்துட்டேன். நீங்க செவுத்தப் பாத்துகினு உக்காந்தீங்களே, அன்னிக்கே. கீரைய கையாலதான் கிள்ளிகினு கீறேன்."

பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"கீது. பயந்துகினேதான் கஞ்சி வெக்கிறேன்."

பிறகு எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். சொம்பில் தண்ணீர் கொண்டுவா. வாய் நிறைய ஊற்றிக்கொள், விழுங்காதே. என் எதிரில் இரு. தண்ணீர் இருக்கும்போது உன்னால் பேச முடியாது. அப்போது அந்தக் குரல் வருகிறதா பார்க்கிறேன்.

ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. ஊற்றிக்கொண்டாள். கன்னம் இரண்டும் உப்பி, மூக்கால் மூச்சு விட்டு, என்னையே பார்த்தபடி. காத்திருந்தோம். வரக்கூடாது என்று வேண்டினேன். வரவில்லை என்றால் பேசியது அவள்தான் என்றாகிவிடும், அதனால் வர வேண்டும் என்றும் வேண்டினேன். இரண்டில் எது நடந்தாலும் பயம்.

வந்தது. அடுப்பங்கரையிலிருந்து. அவள் குரல், அச்சாக.

"குடிச்சிடும், பாரு."

அவள் என் எதிரில். உதடு மூடியபடி. ஒரு சொட்டு சிந்தவில்லை.

கையைத் தூக்கினேன். முற்றத்தில் துப்பிவிட்டு வந்தாள்.

"வந்துதா?"

வந்தது என்றேன்.

"நான் இல்லியே?"

"நீ இல்ல."

கஞ்சியை அவள் பாதி குடித்துவிட்டுக் கொடுத்தாள். பல்லில் கருப்பாக ஒன்று மாட்டியது. கடித்தேன். சீரகம்.

குரல் போகவில்லை. இதை எழுதும்போதும் பேசுகிறது. பயமும் போகவில்லை. வயிற்றில் மட்டும் சூடு.

ஐப்பசி 27, திங்கள்

வெயில். வேலூர் ஆஸ்பத்திரி, பெஞ்சு. பேர் கூப்பிடவில்லை இன்னும். நல்ல கூட்டம், இந்த நாட்களில் வர முடியாதவர்கள் எல்லோரும் வந்திருக்கிறார்கள். முன்னால் ஒரு பையனைத் துண்டால் கையைக் கட்டிக் கூட்டி வந்திருக்கிறார்கள். அந்தத் துண்டைப் பார்க்க முடியவில்லை.

பஸ் ஓடுகிறது, அவளும் நானும் வந்தோம். கண்ணமங்கலத்தில் வெட்டிய மரம் ரோட்டோரம் கிடந்தது. அங்கே தாண்டும்போது அவள் குரல், பின் சீட்டிலிருந்து: வழியிலேயே இறக்கிவிடப் போகிறேன். என் கை இறுகியதை அவள் பார்த்திருக்க வேண்டும். பையிலிருந்து சொம்பை எடுத்து, ஜல்தியாக வாய் நிறைய ஊற்றிக்கொண்டாள். கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்டார். உப்பிய கன்னத்தோடு இரண்டு விரலைக் காட்டினாள். கெழவிக்குப் பல்லு வலியா என்றார். நான்தான் வேலூர் என்று சொன்னேன்.

அந்தக் குரல் பேசிக்கொண்டே வந்தது. நான் அவள் கன்னத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பேசுகிறவர்கள் யார் என்று இன்று டாக்டரம்மா கேட்பார். போன தடவை தெரியாது என்றேன், பயத்தில். இன்றும் உள்ளே போனதும் பயந்துவிட்டால் இதைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அண்ணன், செத்துவிட்டான். நயினார், செத்துவிட்டார். வள்ளி, செத்துவிட்டாள்.

இன்னொருத்தி பக்கத்தில் சொம்பைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள். உயிரோடு இருக்கிறாள். பேர் குப்பம்மாள்.