ஜெப நோட்டில் ஒரு பெயர்

4 ஜூலை 1931, சனி

சபை சார்பில் நாலு வாரமாகக் கால்வாய்க் கரைக் குடிசைகளுக்குப் போகிறோம். கூட வரும் இரண்டு சகோதரிகளும் வாசலில் நின்றே பாட்டுப் பாடி, நலம் விசாரித்து, மூக்கைப் பொத்தாத குறையாகத் திரும்பிவிடுகிறார்கள். நான் மட்டும்தான் உள்ளே போய் உட்காருகிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

இன்று சுலோச்சனா குடிசை. ஓலைத் தடுக்கைத் தட்டிப் போட்டு, "கூழு கீது, குடிக்கிறீங்களாம்மா?" என்றாள். குடித்தேன். எங்கள் சபை ஞானாபரணம் அம்மாள் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயா இவள். புருஷன் தணிகாசலம் கால்வாய்ப் படகுகளில் விறகு இறக்குகிறவன். இரண்டு மாதமாகப் படுக்கை. பேச்சின் நடுவே இருமினான். வாயைத் துடைத்த துணியைச் சட்டென்று மடித்தான். அதற்குள் சிவப்பைப் பார்த்துவிட்டேன்.

"யாராண்டையும் சொல்லாதீங்கம்மா. தெரிஞ்சா வேலை பூடும்" என்றாள் சுலோச்சனா.

சொல்லமாட்டேன் என்றேன்.

8 ஜூலை, புதன்

லஸ் பக்கத்தில் சபைப் பெண்களின் ஜெபக்கூட்டம். வழக்கம்போலக் காரியதரிசி நோட்டைத் திறந்து, யாருக்காக, என்ன தேவை என்று ஒவ்வொருவரையும் கேட்டு எழுதிக்கொண்டார். என் முறை. "கால்வாய்க் கரை தணிகாசலம். இருமலில் ரத்தம் வருகிறது. மனைவி சுலோச்சனாவுக்குத் தைரியம் வேண்டும்."

கர்த்தரிடம் சொல்வது, சொல்வதில் சேர்த்தியா என்ன? எல்லோரும் உருகி ஜெபித்தோம். ஞானாபரணம் அம்மாள்தான் சத்தமாக ஆமென் சொன்னார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

11 ஜூலை, சனி

சுலோச்சனாவுக்கு வேலை போய்விட்டது. வியாழன் காலையே. வாசலிலேயே நிறுத்திச் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். குழந்தைகள் துணியெல்லாம் வெந்நீரில் போட்டிருந்ததாம்.

"யாரு சொன்னாங்களோ" என்றாள், என் முகத்தைப் பார்த்து.

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இன்று கூழ் இல்லை. ஆனாலும் தடுக்கைத் தட்டிப் போட்டாள். உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய முடிந்தது என்னால்?

12 ஜூலை, ஞாயிறு

கோயில் ஆராதனை முடிந்ததும் ஞானாபரணம் அம்மாளிடம் கெஞ்சிப் பார்த்தேன். "என் கடைசிக் குழந்தைக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. கர்த்தர்தான் உன்னைப் பேசவைத்தார்" என்று என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

நன்றியாம்.

பெற்றவள் பயப்படுகிறாள். அவர்மேல் முழுசாகக் கோபப்படக்கூட முடியவில்லை. கோபமெல்லாம் சுற்றிச் சுற்றி என்னிடமே வருகிறது.

25 ஜூலை, சனி

வேறு வீடு எதுவும் அவளைச் சேர்க்கவில்லை. தணிகாசலம் எழுந்து விறகு இறக்கப் போகிறான். இன்றும் நான் சொல்லவில்லை.

6 ஆகஸ்ட், வியாழன்

தணிகாசலம் இறந்துவிட்டான். விறகுக் கட்டோடு படகுப் பலகையில் இறங்கி வந்தவன் கரையில் உட்கார்ந்தானாம். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

9 ஆகஸ்ட், ஞாயிறு

கோயிலில் பாட்டு முடிந்து ஜெபம் தொடங்குமுன் யாரோ இருமினார்கள். திரும்பினேன். எனக்குப் பின்னால் காலி பெஞ்சு.

19 ஆகஸ்ட், புதன்

உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிக் கூட்டத்துக்குப் போகவில்லை. டிராமில் கேட்கிறது. பள்ளிக்கூடத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது நடுவில் கேட்கிறது. முதலில் அந்த வறட்டு இருமல் — அப்புறம் துணியை மடிக்கிற சத்தம். துணி மடிக்கிறதுக்குச் சத்தம் உண்டா? எனக்குக் கேக்குதே. கண்ணை மூடினாத்தானே ஜெபம். கண்ணை மூடவே பயமா இருக்கு. சாமி, நான் என்னத்தப் பண்ணி வச்சிருக்கேன்.

29 ஆகஸ்ட், சனி

சொல்லிவிட்டேன். தடுக்கில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னேன். "ஜெபத்தில் உன் புருஷன் பேரைச் சொன்னது நான்தான். ஞானாபரணம் அம்மாள் அங்கேதான் இருந்தார்."

சுலோச்சனா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நிற்கவில்லை.

"தெரியும்மா."

கூட்டத்துக்கு வந்த இன்னொரு அம்மாளின் ஆயா ஹாஜிரா பீ, அன்று குழந்தையோடு வராந்தாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வேலை போன அன்றைக்கே வந்து இவளிடம் சொல்லிவிட்டாளாம்.

"அப்புறம் ஏன் எனக்குத் தடுக்கு போட்டாய்?"

"நீங்களா சொல்வீங்களான்னு பாத்துக்கினு இருந்தேன். ஏழு வாரம் ஆச்சு." முறத்தைக் கீழே வைத்தாள். "அவராண்ட நான் சொல்லல. டீச்சரம்மா ஒருத்தங்கதான் உள்ள வந்து குந்தறாங்கன்னு சொல்லிக்கினே இருப்பாரு. உங்கள நல்லவங்கன்னே நெனச்சிக்கினு பூட்டாரு."

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை.

2 செப்டம்பர், புதன்

கூட்டத்துக்குப் போனேன். என் முறை வந்தது. "ஒருத்திக்காக" என்றேன்.

"பெயர்?"

"கர்த்தருக்குத் தெரியும்."

"என்ன தேவை என்றாவது சொல்லுங்கள்."

"அதுவும் அவருக்குத் தெரியும்."

காரியதரிசி பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கொஞ்சம் காத்திருந்தார். பிறகு அடுத்தவரைக் கேட்டார்.

5 செப்டம்பர், சனி

போகவேண்டாம் என்றே நினைத்தேன். போனேன். சுலோச்சனா தடுக்குப் போடவில்லை. போ என்றும் சொல்லவில்லை. மூலையில் சுருட்டி வைத்திருந்ததை நானே எடுத்து விரித்து உட்கார்ந்தேன். அவள் அடுப்பைப் பற்றவைத்தாள், ஊதினாள், புகையில் இருமினாள். என் கண் சட்டென்று அவள் முந்தானையில் சிவப்பைத் தேடியது. அவள் அதைப் பார்த்தாள்.

வெகுநேரம் கழித்து, அடுப்பைப் பார்த்தபடியே, என்னிடம் ஒன்று சொன்னாள். யாராண்டையும் சொல்லாதீங்க என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

அதை இங்கேயும் எழுதப்போவதில்லை.