ஒரு டம்ளர் ஆயில்

ஜூன் 29, ஞாயிறு

நேற்று மதுக்கரையில் நான் வேலை பார்க்கும் பள்ளி விட்டு வரும்போது பைபாஸில் என் பழைய காரில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. ஆயில் விளக்கு. ஓரங்கட்டி, அளவுக் கம்பியை உருவிப் பார்த்தால் நுனியில் மட்டும் ஈரம். போன மாதம்தான் ஊற்றினேன். எங்கேதான் போகிறது?

மதனிடம் சொன்னேன். என் கணவருக்கு இந்தப் பேச்சென்றால் வெல்லம். "இருபது வருச வண்டி வேறெப்படி இருக்கும்? உன்ர வண்டி, என்ர வண்டி ரெண்டையும் குடுத்துப்போட்டுப் பெருசா ஒண்ணு எடுத்துக்கலாம் புவனா."

பெரியதை யார் ஓட்டுவார்? அவர். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஏசியைக் கூட்டிக் குறைப்பேன். நாற்பது வயதில் கியர் போடக் கற்றுக்கொண்டது இதற்கா?

புதுக் கேன் ஆயில் வாங்கி, ஊற்றியது போக மீதியை ஷெட் அலமாரியில் வைத்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டையை விரித்து வைத்தேன். காலையில் இரண்டே பொட்டு. இதற்கா இத்தனை ஆயில் குறையும்? ஆனால் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கருகல் வாசம் வருகிறது. சொட்டுவது கீழே விழாமல் நடுவிலேயே எரிகிறதோ?

பின்சீட்டிலிருந்து மாமியார் இந்த வாசத்தைப் பற்றிச் சொல்லவே மாட்டார்கள். அமாவாசைக்கு அமாவாசை அத்தையைப் பண்ணாரி அம்மன் கோயிலுக்கும், அப்படியே சத்தியமங்கலத்தில் இருக்கும் அவர்கள் தங்கை வீட்டுக்கும் அழைத்துப்போவது நான்தான். வழியெல்லாம் ஒரே வசனம்: "பிரேக்க மெதுவா மிதி அம்மணி."

ஜூலை 3, வியாழன்

சூலூர் ரசாக் பாய் பட்டறைக்குப் போனேன். இஞ்சினைச் சுற்றி இருபது வருடப் பிசுக்கு. "இதுல எங்கிருந்து ஒழுகுதுன்னு அந்த ஆண்டவனுக்குத்தானுங்க தெரியும்" என்று சிரித்தார். கழுவித் துடைத்துக் கொடுத்துவிட்டு ஒரு யோசனையும் சொன்னார். "மேல பவுடர் தூவிட்டு ஓட்டுங்க அக்கா. ஒழுகுற எடத்துல கறுப்பாக் கோடு உழும்."

ஜூலை 5, சனி

வீட்டில் இருந்த ஒரே பவுடர் டப்பா அத்தையுடையது. குளிக்கப் போயிருந்தார்கள். பாதி டப்பாவைக் கொட்டிவிட்டேன். இஞ்சின் கல்யாணப் பெண் மாதிரி இருக்கிறது.

சாயங்காலம் அத்தை டப்பாவைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்கள். நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன், மும்முரமாக.

ஜூலை 7, திங்கள்

பிடித்துவிட்டேன்! இஞ்சின் தலையில் இருக்கும் டேப்பட் கவர், அதன் பின் ஓரத்திலிருந்து கறுப்பாக ஒரு கோடு இறங்கி, நேராகச் சூடான சைலன்ஸர் குழாய் மேல். அதுதான் கருகல். உள்ளே இருந்த ரப்பர் பேக்கிங் அப்பளமாய் நொறுங்கியது. ரசாக் பாய் புதிது போட்டு, ஆயிலை அளவுக் கம்பியில் இருக்கும் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிறுத்திக் கொடுத்தார்.

இரவுச் சாப்பாட்டில் பெருமையடித்தேன். மதன் விடவில்லை. "ஆடி அமாவாசை வரைக்கும் பாக்கலாம். அதுக்குள்ள துளி கொறஞ்சாலும் வித்துப்போடலாம்." சரி என்றேன். அத்தை தலை நிமிராமல் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்கள்.

ஜூலை 10, வியாழன்

காலையில் கம்பியை உருவினேன். ஒரு துளி குறையவில்லை! மேல் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. நடுவில் அல்லவா இருந்தது? பார்த்த என் கண்ணில்தான் கோளாறு. இனித் தினமும் பார்க்க வேண்டியதில்லை.

ஜூலை 14, திங்கள்

சிங்காநல்லூர் சிக்னலில் பச்சை விழுந்து வண்டியை எடுத்தேன். பின்னால் ஒரே நீலப் புகை. கொசு மருந்து வண்டி தோற்றது. ஸ்கூட்டரில் போன ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை முறைத்தார்.

ரசாக் பாய்க்கு வீடியோ அனுப்பினேன். "பாக்காமச் சொல்லக்கூடாதுங்க. ஆனா உள்ள பிஸ்டன் ரிங் தேஞ்சு போயிருந்தா இஞ்சின எறக்கோணும்." மதன் காதில் அது விழுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வண்டியை விலைக்குப் பார்க்க ஆள் வருகிறார்களாம்.

ஜூலை 16, புதன்

வண்டி ஷெட்டில். நான் பஸ்ஸில். அழுகை வந்தது, அடக்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி

போகிற வண்டிதானே, கடைசியாக ஒருமுறை பார்ப்போம் என்று கம்பியை உருவினேன். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி விரற்கடை உயரம் ஏறி நிற்கிறது! துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதேதான். குறைய வேண்டியது எப்படிக் கூடும்? ரசாக் பாயைக் கூப்பிட்டேன். "அளவுக்கு மேல ஊத்துனாலும் அதே புகைதானுங்க அக்கா. ஆருங்க ஊத்துனது?"

அலமாரியில் கேனைத் தூக்கினேன். காலி.

மதனா? புகைய விட்டு விற்கிற திட்டமா? கேட்டே விட்டேன். "அட, எனக்கு உன்ர வண்டி பானெட்டத் தெறக்கவே தெரியாது புவனா!" உண்மைதான். பிறகு யார்?

புதுக் கேன் ஒன்று வாங்கி அதே இடத்தில் வைத்துவிட்டேன்.

ஜூலை 19, சனி

வாசல் தெளிக்கும் நேரத்தில் ஷெட்டுக்குப் போனேன். பானெட் திறந்திருக்கிறது. அத்தை! கையில் சில்வர் டம்ளர் நிறைய ஆயில்.

"ஏனுங்க அத்தை, என்ன பண்றீங்க?"

திடுக்கிட்டார்கள். ஆனால் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. "கொறஞ்சா வித்துப்போடறேன்னானல்ல? அதான் நீ ஊத்தற எடத்தப் பாத்து வெச்சு தெனமும் ஒரு டம்ளரு ஊத்துறேன்."

"அளவுக்கு மேல போனாப் புகையுமுங்க!"

"அத முன்னாடியே சொல்லோணுமல்ல? என்ர பவுடர மட்டும் கேக்காம எடுத்துக்கறயே."

எனக்குச் சிரிப்பு முட்டியது. "அவரு பெரிய வண்டியில கூட்டிட்டுப் போவாருங்களே அத்தை?"

டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள். "அவன் ஓட்டுனா கண்ண மூட முடியறதில்ல. நீ ஓட்டுனா எனக்குத் தூக்கம் வருது அம்மணி."

பதினெட்டு வருடம் இந்த வீட்டில் இருக்கிறேன். அத்தை வாயால் இப்படி ஒன்று கேட்டதில்லை. அங்கேயே கட்டிக்கொண்டேன். புடவையெல்லாம் ஆயில்.

மதியம் ரசாக் பாய் வந்து அதிகப்படி ஆயிலை இறக்கி, நனைந்துபோன ஏர் ஃபில்டரை மாற்றினார். ரிங்குக்கு ஒன்றுமில்லையாம். கிளப்பினோம். கொஞ்ச நேரம் இருமிவிட்டுப் புகை நின்றது.

ஜூலை 20, ஞாயிறு

வண்டி பார்க்க வந்தவர்களுக்குக் காபி கொடுத்து, "விக்கறதுக்கில்லீங்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று அத்தையே அனுப்பிவைத்தார்கள். மதன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

ஜூலை 24, வியாழன், ஆடி அமாவாசை

கிளம்பும் முன் கம்பியை உருவிக் காட்டினேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். "நடுவுல நிக்குது. எடு வண்டிய."

முதல் தடவையாக முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். அன்னூர் தாண்டுவதற்குள் குறட்டை. பண்ணாரியில் நல்ல கூட்டம். நிறுத்த இடம் தேடி, தூக்கம் கலையாமல் நிறுத்த வேண்டுமே என்று பார்த்துப் பார்த்துத்தான் அழுத்தினேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்கள்:

"பிரேக்க மெதுவா மிதி அம்மணி."