வாயு பகவான் வாங்கிய வாய்தா

மே 14, 1934. திங்கள். விடியும்போதே புழுக்கம்.

மயிலாப்பூர் மகாஜனங்களுக்கு அறிவிப்பு: இன்று முதல் எங்கள் மொட்டை மாடியில் வடாம் காயாது. அந்த இடம் என் காற்று யந்திரத்துக்கு. மண்ணெண்ணெய் டின்னில் வெட்டிய ஆறு இறக்கை, பழைய மோட்டார் காரின் டைனமோ. கட்டியது நான். ஏணி பிடித்தது மைக்கேல், என் வகுப்பு, சாந்தோம் குப்பத்துக்காரன்.

சனிக்கிழமை ஆறரைக்குக் கமலா அக்கா முதன்முதலாக ரேடியோவில் பாடுகிறாள். அம்மாவுக்குக் கால் சுளுக்கு. கடற்கரையில் ஊருக்கே ரேடியோ கேட்கவைக்கும் ஒலிபெருக்கிவரை நடக்க முடியாது. வீட்டு ரேடியோதான் கதி. அதன் பாட்டரியோ அரை உயிர்.

"கடைக்கு அனுப்பி சார்ஜ் பண்ணிண்டு வரச் சொல்லட்டுமாடா?" என்றார் அப்பா.

"எதுக்குப்பா? காத்து சும்மாத்தானே வீசறது!"

"சனிக்கிழமை அவ பாட்டு கேக்கலேன்னா, நீ பாடுவே."

மே 15.

காற்று இல்லை. மதியம் ஒன்று, இரண்டு, மூன்று. வேப்பிலைகூட அசையவில்லை. அப்பா வக்கீல். வாயு பகவான் அவரிடம் ஜூனியராக இருந்திருக்க வேண்டும். வாய்தா மேல் வாய்தா.

மே 16. நாலு மணிக்குக் கடற்காற்று.

காற்றா அது, வெறி. கம்பியைப் பாட்டரியில் மாட்டுமுன் ஒரு இறக்கை பிய்த்துக்கொண்டு போய் அடுத்த வீட்டு முற்றத்தில் விழுந்தது. "ஏண்டா, எங்காத்துக் கொழந்தை தூங்க வேண்டாமா?" என்று மாமி.

காற்றின் மேல் குற்றப்பத்திரிகை:
1. வேண்டும்போது வராது.
2. வந்தால் அளவு தெரியாது.
3. கடகடவென்று தெருவைக் கூட்டும்.
4. மன்னிப்புக் கேட்பது மட்டும் நான்.

மே 17. காற்று இல்லை. ஆனாலும் வெற்றி!!

இறக்கையை ஒட்டி, கம்பியைப் பாட்டரியில் மாட்டினேன். மாட்டிய மறுகணம் சக்கரம் சுற்றியது! தெருவே மாடியில். மைக்கேல் மட்டும் கடல் பக்கமே பார்த்தான்.

"இன்னாபா இது? கட்டுமரத்துப் பாயெல்லாம் தொங்கிக்கினு கீது. உன் சக்கரம் மட்டும் எப்டி சுத்துது?"

"நுண்காற்று. வலை வீசறவனுக்குத் தெரியாது, விஞ்ஞானிக்குத் தெரியும்."

"கைய வெச்சுப் பாத்தேன் நைனா. சக்கரம்தான் காத்து வுடுது."

பொறாமை.

மே 18. இன்றும் புழுக்கம்.

சக்கரம் சற்று மெதுவாக. பாட்டரி நிரம்பிவிட்டது போலும். அப்பாவிடம் அப்படியே சொன்னேன். காலர் இருந்திருந்தால் தூக்கிவிட்டுக்கொண்டிருப்பேன்.

மே 19. சனி.

ஆறரை. கூடம் நிறைய ஜனம். அம்மா காலை முக்காலியில் நீட்டி, முன்வரிசையில். ரேடியோவைத் திருகினேன். ஒரு 'கர்'. அவ்வளவுதான். எல்லாரும் பார்த்தது ரேடியோவை அல்ல, என்னை. மாடியில் அந்த நேரம் பார்த்துக் கடற்காற்று, ஜிலுஜிலுவென்று.

எட்டு மணிக்கு அக்கா ஓடி வந்தாள். "கேட்டியாம்மா? ரெண்டாவது பாட்டுல இருமல் வந்துடுத்து. தெரிஞ்சுதா?"

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "துளிக்கூடத் தெரியலேடி."

அப்பா ரேடியோவின் மேல் துணியைப் போர்த்தினார். திட்டியிருக்கலாம்.

மே 20. ஞாயிறு. மேகம்.

பாட்டரியைச் சுமந்துகொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் கதை கேட்டுச் சிரித்த சிரிப்பு! "காத்து இல்லாதப்போ கம்பிய மாட்டினா, பாட்டரிதாம்பா டைனமோவச் சுத்தும். நீ கட்டினது காத்து மிஷின் இல்ல, ஃபேன்."

குற்றம் ஒன்றும் இரண்டும் நிற்கும். பாட்டரி விஷயத்தில் காற்று நிரபராதி.

வடாம் தட்டுகளை நானே மாடிக்கு ஏற்றினேன். அம்மா, "கமலா கிட்ட சொல்லிடாதே" என்றாள்.

இன்னொன்று. வியாழக்கிழமை, சக்கரம் சுற்றிய அன்று, நானும் கையை நீட்டிப் பார்த்தேன். மைக்கேல் சொன்னது சரி, காற்று சக்கரத்திலிருந்துதான் வந்தது. மாடி நிறைய ஜனம். கம்பியைக் கழற்ற மனம் வரவில்லை.