எதிர்ப்பக்கம் போடுங்க

சனிக்கிழமை, இரவு.

நடைபாதை பற்றிப் பேச இன்று கார்ப்பரேஷன் இன்ஜினியர் எங்கள் சேக்காட்டுத் தெருவுக்கு வந்தார். நடைபாதை வேண்டும் என்றுதான் எல்லோரும் சொன்னோம். ஆனால் இரண்டு வரிசைக்காரர்களும் "எதிர்ப்பக்கம் போடுங்க" என்றோம். அவர் சலித்துப்போய் ஜீப்பில் ஏறப் போனார்.

எதிர்வீட்டு பவானி அக்கா குறுக்கே வந்து நின்றார். தினமும் சாயங்காலம் வாசல்படியில்தான் அவருக்குப் பஜ்ஜிக் கடை.

"எங்க பக்கமே போடு சார். மொதல்ல என் படிய இடி. புள்ளைங்க லாரிக்கு நடுவுல நடந்துகினு கீதுங்க."

"கடைய என்னம்மா பண்ணுவீங்க?"

"ஊட்டுக்குள்ள சுட்டு ஜன்னல்ல குடுக்கறேன்."

என்ன மனுஷி! எல்லோரும் கைதட்டினோம். எங்கள் வரிசையில்தான் சத்தம் அதிகம். நான் தட்டியது அவருக்காகத்தானா, தப்பித்த எங்கள் படிக்காகவா என்று யோசித்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.