நுனித் தோலுக்குத் தேங்காய் எண்ணெய்

"கோலு ஏன்ப்பா செருப்பு போட்டிருக்கு?" என்று உங்கள் பில்லியர்ட்ஸ் கோலின் நுனித் தோலைக் காட்டி நம்ம மகள் டார்லின் நாலு வயதில் கேட்டாள். நீங்கள் சிரித்தீர்கள். நான் நம்பிவிட்டேன். செருப்புத் தோல் காய்ந்தால் எண்ணெய் தடவுவேன் அல்லவா? போட்டிக்கு முந்தின நாள், ஜெபம் பண்ணிவிட்டு, அதற்கும் தடவினேன்.

ஆட்டத்தில் கோல் வழுக்கியது. "மெத்துன்னு தோல் கேட்டா கெட்டியா ஒட்டியிருக்கீரு. உம்ம மனசும் கெட்டிதான் வே!" என்று கிளப்பில் எல்லார் முன்னாலும், உங்கள் கோலுக்குத் தோல் ஒட்டித் தரும் மணிராஜ் அண்ணாச்சியை ஏசினீர்கள். உங்கள் இரண்டு பேருக்கும் பத்து நாளாகப் பேச்சில்லை. அவர் ஒட்டியது மெத்தென்ற தோல்தான்.

சபைப் பெண்கள் கூட்டத்தில் இன்று உண்மையைப் பற்றி நான் பேச வேண்டும். அதனால்தான் இந்தச் சீட்டு.

தேங்காய்ப்பால் சொதி அடுப்பில் இருக்கிறது. சாயங்காலம் அண்ணாச்சியை வரச் சொல்லியிருக்கிறேன். முதலில் நீங்கள் பேசுங்கள். என்னை அப்புறம் ஏசலாம்.

கிறிஸ்டி

பி.கு.: நீங்கள் கோபத்தில் விட்டுவந்த கோலை அண்ணாச்சிதான் வீட்டில் கொண்டுவந்து தந்தார். நுனியை மோந்து பார்த்து, "எண்ணெ வாசமால்லா இருக்கு" என்று சிரித்தார். என்னை யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்கு நன்றியாக, அவர் தன் கோலுக்கு விரும்பும் கெட்டித் தோல் ஒரு பெட்டி வாங்கி, இன்று காலை ஆளில்லாத நேரத்தில் அவர் ஸ்கூட்டர் பையில் வைத்துவிட்டு வந்தேன்.